ஓட்டில் எழுதிய ஓட்டு: ஏதென்ஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 25, 2024, வெள்ளி

மூனிக்கில் கிளம்பும்போது பேசினால் வாயில் ஆவி பறந்தது. ஏதென்ஸில் இறங்கியதும் அத்தை முதல் வேலையாக ஸ்வெட்டரைக் கழற்றிக் கைப்பையில் திணித்தார். "இது நம்மூரு மார்கழி மாதிரில்ல இருக்கு. இதுக்கா என்னைய இத்தன துணி எடுக்கச் சொன்ன?" என்று எனக்கு ஒரு குட்டு. ஜெர்மனியில் என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து போர்வையை விட்டு வெளியே வராதவர், இங்கே வந்ததும் ஆளே மாறிவிட்டார்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர மெட்ரோவில் தலைக்கு 9 யூரோ. மொனாஸ்டிராக்கியில் இறங்கினால் நகரும் படிக்கட்டு ஓடவில்லை. இரண்டு பெட்டிகளோடு நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காதில் வளையம் போட்ட ஒரு பையன் அத்தையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென மேலே ஏறிவிட்டான். அத்தை பதறிப்போய் "டேய், பிடிடா அவன" என்றார். நான் மூச்சிரைக்க மேலே போனால், பெட்டி ஓரமாக நிற்கிறது, பையனைக் காணோம். நன்றி சொல்லக்கூட ஆள் அகப்படவில்லை.

அந்த நிலையத்துக்குள்ளேயே தரைக்குக் கீழே செங்கல் வளைவுக்குள் ஓர் ஓடை ஓடுகிறது. எரிடானோஸ் என்று பெயர். பழைய ஏதென்ஸின் சின்ன ஆறு. சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

சாப்பாடு ப்சிரி பக்கம் ஒரு தெருவோரக் கடையில். பள்ளிக்கூடக் கணக்கில் படித்த ஆல்பா, பீட்டா, தீட்டாவின் புண்ணியத்தில் கிரேக்க எழுத்தை ஒருவழியாகக் கூட்டிப் படிப்பேன். மெனுவில் ஒரு தலைப்பைக் கூட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: ஓஸ்த்ரகா. அதன் கீழே மட்டி, சிப்பி வகைகள். ஏதென்ஸில் நான் பார்க்க வந்ததே ஓஸ்த்ரகாவைத்தான்; அது சோற்றுப் பட்டியலில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

பரிமாறியவர் ஐம்பது வயதுக்காரர். கருநிற மட்டி ஓடு ஒன்றை எடுத்து மேசையில் டொக் டொக்கென்று தட்டி, "ஓஸ்த்ரகோ" என்றார். பிறகு காற்றில் எதையோ கீறுவதுபோல் விரலை ஆட்டி, "தெமிஸ்டாக்ளீஸ்! வெளியே!" என்று வாசல் பக்கம் கை காட்டினார். பள்ளிக்கூடத்துப் பாடம் இங்கே யாருக்கும் மறக்காது போலிருக்கிறது.

விஷயம் இதுதான். பழைய கிரேக்கத்தில் ஓஸ்த்ரகோன் என்றால் நத்தை, மட்டி, ஆமை இவற்றின் ஓடு. உடைந்த பானைத் துண்டுக்கும் அதே சொல். பன்மையில் ஓஸ்த்ரகா. பழைய ஏதென்ஸ்காரர்கள் அந்தத் துண்டில் பெயரைக் கீறித்தான் தலைவர்களை ஊரைவிட்டு வெளியேற்ற ஓட்டுப் போட்டார்கள்; தெமிஸ்டாக்ளீஸ் அப்படி வெளியேறிய ஒருவர். எலும்பைக் குறிக்கும் ஓஸ்தெயோன் இதற்கு உறவுச் சொல். இங்கிலீஷில் சிப்பியை ஆய்ஸ்டர் என்பதும் இந்தக் குடும்பம்தான். இதை அத்தையிடம் பெரிய கண்டுபிடிப்புபோலச் சொன்னேன். அவர் மட்டியை உறிஞ்சியபடியே, "நத்த ஓடு, ஆம ஓடு, பான ஓடு, மண்ட ஓடு. இதுல என்னடா அதிசயம்?" என்றார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

தக்காளியும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் போட்ட மட்டிக் குழம்பு 11 யூரோ. ரொட்டி கேட்காமலே வரும், கணக்கிலும் ஏறும். ஆனால் கடைசியில் ஒரு தட்டு திராட்சையும் ரவை அல்வாவும் வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையை அசைத்தார்கள். அத்தைக்கு அந்த அல்வாவில் நெய் இல்லாததுதான் குறை.

அக்டோபர் 26, சனி

காலையில் எள் ஒட்டிய வளைய ரொட்டி, ஆளுக்கு ஒன்று. கூலூரி என்கிறார்கள். பசி தாங்கும்.

அகோராவுக்கு 10 யூரோ டிக்கெட். பழைய ஏதென்ஸின் சந்தை, கோர்ட்டு, அரசியல் எல்லாம் நடந்த திடல். இப்போது ஆலிவ் மரங்களும் இடிந்த அடித்தளங்களும் வெயில் காயும் பூனைகளும். அமெரிக்க ஆய்வுக் குழுவினர் 1931-இலிருந்து இங்கே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் நீளமான இரண்டடுக்குத் தாழ்வாரம், அட்டலோஸ் ஸ்டோவா. பெர்கமோன் அரசன் ஒருவன் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்தது. 1950-களில் அதை அதே இடத்தில் புதிதாக எழுப்பி அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். பழையதைப் புதிதாய்க் கட்டலாமா என்று சண்டை போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பதினொரு மணிக்குக் கொட்டிய மழையில் அதன் தூண்களுக்கடியில் ஒண்டிய எனக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. மழையில் பளிங்குக்கல் படி வழுக்கி விழப்போனேன். காவலர் அம்மாள் ஒருவர் தன் நாற்காலியை அத்தைக்கு நகர்த்திப் போட்டார். அத்தை வேண்டாமென்று தலையசைக்க, அந்த அம்மாள் தலையை மேலே தூக்கி "ச்சு" என்று ஒரு சத்தம் கொடுத்தார். இங்கே "கிடையாது" என்பதற்கு அதுதான் அடையாளம். மதுரைப் பக்கத்து ஆளுக்கு இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அத்தை மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஓடுகள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அத்தனையும் உள்ளங்கைக்குள் அடங்கும். பாத்திரத்தின் வெளிப்புறம் பளபளக்கும் கறுப்பு. கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். கறுப்பு பெயர்ந்த இடத்தில் உள்ளேயிருக்கும் செம்மண் நிறம் எழுத்தாக நிற்கிறது. ஒன்றில் முதல் வரி விரிந்து தொடங்கி, ஓரம் நெருங்க நெருங்க எழுத்துகள் சிறுத்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பேர் எழுத இடம் போதாமல் கை தடுமாறியது 2,500 வருஷத்துக்குப் பிறகும் தெரிகிறது. பக்கத்திலேயே ஏதென்ஸ் தலைவர்கள் அரிஸ்டைடிஸ், கிமோன், பெரிக்ளிஸ். பாடப்புத்தகத்தில் பளிங்குச் சிலையாகப் பார்த்த பெயர்கள், இங்கே யாரோ ஒருவர் கோபத்தில் கிறுக்கியதாக இருக்கின்றன.

அத்தை தாலுகா ஆபீஸில் தேர்தல் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். "என்ன எழுதியிருக்கு, படி" என்றார். தெமிஸ்டாக்ளீஸ், நெயோக்ளீஸின் மகன் என்று படித்தேன். "த/பெ போட்டிருக்கான். ஊர்ப்பேரு?" சிலவற்றில் ஊரும் உண்டு, ஃப்ரெயாரியோஸ், அந்தப் பகுதிக்காரன் என்று. அத்தை முகத்தில் முதன்முறையாக மரியாதை தெரிந்தது. "ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா எண்ணுறவன் முழிக்கக்கூடாதுல்ல."

முறை இப்படி. வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் சபையில் ஒரு கேள்வி வைப்பார்கள்: இந்த வருஷம் யாரையாவது வெளியேற்ற வாக்கெடுப்பு வேண்டுமா? வேண்டும் என்றால், சுமார் இரண்டு மாதம் கழித்து இந்த அகோராவில் அடைப்புக் கட்டி, பத்து குலங்களுக்கும் பத்து வாசல் விடுவார்கள். ஒவ்வொருவனும் வீட்டிலோ தெருவிலோ கிடக்கும் ஒரு பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறி, எழுத்து தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்து போட வேண்டும். 6,000 ஓடு சேர வேண்டும். மொத்தமா, ஒரே ஆளுக்கு எதிராகவா என்பதில் பழைய ஆசிரியர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அகப்பட்டவன் 10 நாளில் ஊரைவிட்டுக் கிளம்பி, 10 வருஷம் வெளியே இருக்க வேண்டும். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. சொத்து பறிபோகாது. திரும்பி வந்தால் பழையபடி குடிமகன். இந்த முறைக்கு ஓடே பெயரானது: ஓஸ்த்ரகிஸ்மோஸ். இங்கிலீஷில் ஒருவரை ஒதுக்கிவைப்பதற்கு ஆஸ்ட்ரசைஸ் என்கிறோமே, அதன் பூர்வீகம்.

எழுதுவதற்கான பாபிரஸ் தாள் எகிப்திலிருந்து கப்பலில் வரவேண்டும், விலையும் அதிகம். உடைந்த பானை எந்த வீட்டிலும் உண்டு, சும்மா கிடைக்கும்.

அரிஸ்டைடிஸ் கதையைப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். வாக்கெடுப்பு அன்று எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாட்டுப்புறத்தான், பக்கத்தில் நின்றவரிடம் ஓட்டை நீட்டி, "இதில் அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடு" என்றானாம். நின்றவர் அரிஸ்டைடிஸேதான். அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, ஆளைக்கூடத் தெரியாது. போகிற இடமெல்லாம் 'நேர்மையானவர், நேர்மையானவர்' என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது" என்றானாம். அரிஸ்டைடிஸ் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். கி.மு. 482-இல் வெளியேற்றப்பட்டார்.

எனக்கு இந்தக் கதையில் அரிஸ்டைடிஸின் பெருந்தன்மையைவிட அந்த நாட்டுப்புறத்தான்தான் பிடிக்கும். பாடப்புத்தகம் அவனை முட்டாளாக்கிவிட்டு நகர்ந்துவிடும். அத்தை வேறு மாதிரி பார்த்தார்: "எழுதத் தெரியாதவன் ஓட்டுக்குப் பக்கத்துல நிக்கிறவனத்தான நம்பணும்? அவன் வேற பேர எழுதிக் குடுத்தா இவனுக்கு எப்படித் தெரியும்?" பிறகு, பெண்களுக்கு ஓட்டு உண்டா என்று கேட்டார். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாருக்கும் இல்லை என்றேன். "அப்ப லிஸ்டுல பாதிகூட இல்ல" என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

ராத்திரி பீட்டா ரொட்டியில் சுருட்டிய கோழி சுவ்லாக்கி, ஒன்று 4 யூரோ. மிளகாய்ப்பொடி கேட்டால் கடைக்காரர் பாப்ரிகாவை நீட்டினார். அது நிறத்துக்கு மட்டும்தான்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஐரோப்பாவில் இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். எங்கள் விடுதியின் கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு என்னை உலுக்கி எழுப்பி, குளித்துக் கிளம்ப வைத்து, கெராமெய்கோஸ் வாசலுக்குக் கூட்டிவந்துவிட்டார். கேட்டில் பூட்டு. செல்போனைப் பார்த்தால் திறக்க இன்னும் ஒரு மணி நேரம். எதிரே ஒரு காபிக் கடை மட்டும் திறந்திருந்தது. சின்னச் செம்பில் காய்ச்சிய கிரேக்கக் காபி; அடியில் மண்டி கால் கோப்பைக்கு நிற்கிறது. அத்தை கடைசி வாயில் அந்த மண்டியையும் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்க, பக்கத்து மேசைக் கிழவர் சிரித்து, தன் தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்தார்.

கெராமெய்கோஸ் குயவர்களின் பேட்டை. செராமிக் என்கிறோமே, அந்தச் சொல்லின் குடும்பம். நகரத்தின் இடுகாடும் இதுதான்; மதிலுக்கு வெளியே சாலையின் இருபுறமும் கல்லறைகள். கூட்டமே இல்லை. நேற்றைய மழைக்கு எரிடானோஸ் ஓடையில் தண்ணீர் நெளிந்துகொண்டிருந்தது. கரையோரப் புல்லில் கைப்பெட்டி அளவுக்கு ஓர் ஆமை, எங்களைக் கண்டும் காணாததுபோல் மென்றுகொண்டிருந்தது. அதன் முதுகும் பழைய கிரேக்கத்தில் ஓஸ்த்ரகோன்தான் என்று சொல்ல வாயெடுத்து, முந்தாநாள் அனுபவத்தில் அடக்கிக்கொண்டேன்.

1960-களில் இந்த ஓடையின் பழைய படுகையில்தான் ஜெர்மன் ஆய்வாளர்கள் சுமார் 8,500 வாக்கு ஓடுகளை அள்ளினார்கள். எண்ணி முடித்ததும் குப்பையாகக் கொட்டியவை. அதில் 4,000-க்கும் மேல் ஒரே ஆளுக்கு எதிரானவை: மெகாக்ளீஸ், ஹிப்போக்ரட்டீஸின் மகன். அல்க்மெயோனிட் என்ற பெரிய வீட்டுப் பிள்ளை. சரித்திர ஆசிரியர்கள் அவனைப் பற்றி எழுதியது கொஞ்சம்தான். ஊர் அவன்மேல் எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைக் குப்பைதான் சொல்லிற்று.

பெயரோடு நிறுத்தாதவர்களும் உண்டு. மெகாக்ளீஸை "குதிரை வளர்ப்பவன்" என்று ஒருவன் குத்துகிறான். இன்னொருவன் "பணப்பேய்" என்கிறான். குதிரை அன்றைக்குப் பணக்காரப் பகட்டு. இன்னொன்றில், "மில்டியாடிஸ் மகன் கிமோனே, எல்பினிகேவையும் கூட்டிக்கொண்டு போ" என்றிருக்கிறது. எல்பினிகே கிமோனின் தங்கை முறை. ஊர் வாய் என்ன பேசியிருக்கும் என்று புரிகிறது. பாரசீகர் பக்கம் சாய்ந்ததாகச் சந்தேகப்பட்ட கல்லியாஸின் பெயர் போட்ட ஓட்டில் பாரசீக உடையில் ஒரு வில்லாளியையே வரைந்துவிட்டார்கள். எனக்கு மனதில் நிற்பது வேறொன்று. யாரோ ஒருவன் எந்த அரசியல்வாதியின் பெயரையும் எழுதாமல், "லிமோஸ்" என்று எழுதிப் போட்டிருக்கிறான். லிமோஸ் என்றால் பஞ்சம், பசி. பசியே, 10 வருஷம் ஊரைவிட்டுப் போ. அந்த ஓட்டைச் செல்லாத ஓட்டு என்று தள்ளியிருப்பார்கள்.

பேரிலக்கியமும் பெருஞ்சிற்பமும் செய்தவர்களின் கையெழுத்து அநேகமாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது மட்டி வியாபாரியும் செருப்புத் தைப்பவனும் உழவனும் எழுத்தை விட்டும், திருப்பிப்போட்டும், வலமிருந்து இடமாகவும் கீறியவை. ஏதென்ஸ் மக்களாட்சியைப் பற்றி யார் பேசினாலும் முதலில் அவர்களை இந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பேன். அக்ரோபோலிஸ் மலைக்கோட்டையைப் பிற்பாடு பார்க்கலாம்.

அத்தை கேட்டார்: "கீழடியிலயும் ஓட்டுல பேரு இருக்குன்னானே?" இருக்கிறது. ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில். ஆனால் அவை பெரும்பாலும் பானைக்குச் சொந்தக்காரர் தன் பானையில் கீறிக்கொண்ட பெயர். பிற்பாடு பானை உடைந்து துண்டாக நமக்குக் கிடைக்கிறது. இங்கே பானை முதலில் உடைந்தது, எழுத்து பிறகு வந்தது, எழுதியது வேண்டாதவன் பெயர். எகிப்தின் செங்கடல் கரையில் குஸேர் அல்-கதீமில் கிடைத்த ஓடுகளில் கண்ணன், சாதன் என்ற தமிழ்ப் பெயர்களும், "பானை ஒறி" (பானையைத் தொங்கவிடும் உறி) என்று எழுதிய துண்டும் உண்டு. நம் வணிகர்கள் மிளகோடு அங்கே போன தடம். எகிப்தில் ஓடுகள்தான் ஏழைகளின் காகிதம். வரி கட்டிய ரசீதிலிருந்து கடன் கணக்கு வரை அதில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அவற்றையும் இன்றைக்கு ஆய்வாளர்கள் ஓஸ்த்ரகா என்றே சொல்கிறார்கள்.

சாயங்காலம் தீசியோ பக்கத்து நடைபாதையில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பழைய கிரேக்கப் பிள்ளைகளுக்கு ஓஸ்த்ரகிந்தா என்று ஓர் ஆட்டம் இருந்தது. ஓர் ஓட்டின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. "இரவா, பகலா" என்று சொல்லிச் சுண்டுவார்கள். விழும் பக்கத்தைப் பொறுத்து ஒரு கட்சி ஓடும், மறு கட்சி துரத்தும். அத்தை நடப்பதை நிறுத்திவிட்டார். "ஓட்டாஞ்சில்லுல ஒரு பக்கம் எச்சியத் துப்பி, 'மழையா வெயிலா'ன்னு சுண்டுவோம். எங்கண்ணன், உங்கப்பன்தான், எப்பவும் வெயிலும்பான்." அப்பாவைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் கேள்விப்படாத தகவல்.

வறுத்த கஷ்கொட்டை வண்டி வந்துவிட்டது. ஒரு பொட்டலம் 4 யூரோ. பாதி சொத்தை.

அக்டோபர் 28, திங்கள்

இன்று "ஓஹி" நாள். 1940-இல் இத்தாலியின் இறுதி எச்சரிக்கைக்கு கிரீஸ் "முடியாது" என்று சொன்ன நாள், தேசிய விடுமுறை. பால்கனிக்குப் பால்கனி நீல வெள்ளைக் கொடி. தொல்லியல் இடங்களில் இலவச அனுமதி என்பதால் அக்ரோபோலிஸ் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் வளைந்தது. மேலே ஏறும் ஆசையை அத்தை தன் முழங்காலைக் காட்டி ரத்து செய்தார். மலையின் வடக்குச் சரிவுப் பக்கமாக நடந்தோம்.

இந்தச் சரிவில் ஒரு கிணற்றில் 1937-இல் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. அத்தனையிலும் ஒரே பெயர், தெமிஸ்டாக்ளீஸ். சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பற்படையை முறியடிக்க வைத்தவர். பெரும்பாலும் கிண்ணங்களின் அடிப்பாதத் துண்டுகள், வட்டமாக, கைக்கு அடக்கமாக. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அத்தனையையும் எழுதியது 14 பேர்தான் என்று கண்டார்கள்.

அத்தைக்கு ஒரே குஷி. "கள்ள ஓட்டு!" என்று கைதட்டினார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து யோசித்து, தானே மாற்றிக்கொண்டார். "இல்லடா. கள்ள ஓட்டா இருந்தா பெட்டிக்குள்ள போயிருக்கும், கெணத்துல ஏன் கெடக்கு? பூத்துக்குக் கொஞ்சம் தள்ளி டேபிளப் போட்டு கட்சிக்காரன் சிலிப் எழுதிக் குடுப்பான்ல, அதுதான். எழுதத் தெரியாதவனுக்கு எழுதி வச்சது. மிச்சப்பட்டத தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கான்." ஆய்வாளர்களும் இந்த இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்கள்: ஒரு கோஷ்டியின் சதி என்று சிலர், எழுத்தறியாதவர்களுக்கும் சோம்பேறிகளுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த சரக்கு என்று சிலர். என் ஓட்டு அத்தைக்கு. ஆனால் சிலிப்பில் எந்தக் கட்சிக்கு என்று இருக்காது. இங்கே பெயரையே எழுதிக் கையில் திணிக்கிறார்கள். அதைச் சொன்னதற்கு அத்தை, "சிலிப்பு மட்டுமா குடுப்பாங்க?" என்றார்.

தெமிஸ்டாக்ளீஸ் பின்னால் கி.மு. 471 வாக்கில் வெளியேற்றப்பட்டு, சுற்றிச் சுற்றி, கடைசியில் தான் தோற்கடித்த பாரசீகப் பேரரசின் ஊழியத்திலேயே செத்தார். முறையும் ரொம்ப நாள் ஓடவில்லை. கி.மு. 487-இல் முதல் ஆள். கி.மு. 416 வாக்கில் ஹைப்பர்போலஸ் என்பவர் கடைசி. அன்றைய பெரிய தலைவர்களான நிக்கியாஸையோ அல்கிபியாடிஸையோ வெளியேற்றுவதாகத்தான் பேச்சு. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து தங்கள் ஆட்களின் ஓட்டையெல்லாம் ஹைப்பர்போலஸ் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதன்பிறகு யாரும் ஓட்டைத் தொடவில்லை. சிசிலியில் சிரக்கூஸ் நகரத்தார் இதையே ஆலிவ் இலையில் எழுதி 5 வருஷத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நல்ல ஆட்களெல்லாம் அரசியல் பக்கமே தலைவைக்காமல் போனதால் சீக்கிரமே கைவிட்டார்கள்.

மதியம் சின்டாக்மா பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு. பெரும்பாலான கடைகள் மூடல். திறந்திருந்த ஒரே சாப்பாட்டுக் கடையில் சோறு அடைத்த தக்காளி, யெமிஸ்தா, 9 யூரோ. ஊரைவிட்டு வந்த பிறகு அத்தை முழுத் தட்டையும் காலி செய்தது இதைத்தான். உப்பு மட்டும் இன்னொரு சிட்டிகை.

நாளை காலை பிரேயஸிலிருந்து ஏகினா தீவுக்குக் கப்பல். வெளியேற்றப்பட்ட அரிஸ்டைடிஸ் அங்கேதான் இருந்தார். பாரசீகப் படை வந்ததும் ஊரே அவரைத் திரும்பக் கூப்பிட்டது. அத்தைக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம், ஏகினா பிஸ்தா கிலோ என்ன விலை என்று கேட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார். விடுதிக்காரரிடம் கேட்டேன். தலையை மேலே தூக்கி "ச்சு" என்றார். இங்கே வாங்காதே, அங்கே போய் வாங்கு என்று சேர்த்துக்கொண்டார். கடல் கொந்தளிப்பாம். வாந்தி மாத்திரை வாங்க மருந்துக்கடை தேடிக் கிளம்புகிறேன்.